பத்தாவது ஆள்

பிரசவப் பிரிவு சிஸ்டர் கைராசிக்காரர். நரம்பே தெரியாத கையிலும் ஒரே குத்தில் ரத்தம் எடுத்துவிடுவார். வலியில் கத்துகிற பெண்ணின் முதுகைத் தடவியே அமைதிப்படுத்துவார். அவரிடம் இல்லாதது ஒன்றே ஒன்றுதான், குரல். பக்கத்தில் நிற்பவர்கூடக் குனிந்து காதைக் கொடுத்தால்தான் அவர் சொல்வது விளங்கும். வீட்டில் அவர் கணவர், உதட்டசைவைப் பார்த்தே பதினெட்டு வருடம் குடும்பம் நடத்திவிட்டார்.

அப்படிப்பட்டவரைத்தான் பெரிய டாக்டரம்மா கூப்பிட்டு, கர்ப்பிணிகளிடம் பேசி ஃப்ளூ தடுப்பூசிக்குச் சம்மதிக்க வைக்கும் பொறுப்பைக் கொடுத்தார்.

"மூணு மாசத்துல நானூத்திப் பன்னெண்டு பேர் வந்துட்டுப் போயிருக்காங்க. ஊசி போட்டுக்கிட்டவங்க இருபது பேர்," என்றார் பெரிய டாக்டர். "குளிர் ஆரம்பிக்கப் போகுது. போன வருஷம் ரெண்டு பேரு வயித்துல பிள்ளையோட மூச்சுத் திணறி எப்படிக் கெடந்தாங்கன்னு நீங்களே பாத்தீங்க. ஏன் போட்டுக்க மாட்டேங்குறாங்கன்னு ஒவ்வொருத்தர் கிட்டயும் கேட்டு எழுதுங்க."

சிஸ்டர் ஏதோ சொன்னார்.

"என்ன?"

"சரி டாக்டர்னு சொன்னேன்."

ஏற்கெனவே இதற்காக ஒரு குழு போட்டு, அந்தக் குழு ஆறு முறை கூடி, ஒரு போஸ்டர் அச்சடித்திருந்தது. அதில் ஒரு கர்ப்பிணி சிரித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் அவளைவிட ஒரு முழம் உயரமாக ஓர் ஊசி நின்றது. போஸ்டரை ஒட்டிய மறுநாளிலிருந்து, காத்திருக்கும் பெண்கள் நாற்காலிகளை எதிர்ச் சுவர் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்காரத் தொடங்கினார்கள். மக்களிடம் விழிப்புணர்வு போதவில்லை என்று குழு ஏழாவது கூட்டத்தில் முடிவு செய்தது.

செவ்வாய்க்கிழமை காலை சிஸ்டர் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். முதல் நாற்காலியில் இருந்த பெண்ணிடம் குனிந்து, "ஃப்ளூ ஊசி போட்டுக்கிறீங்களா?" என்று கேட்டார்.

அந்தப் பெண் யோசித்தாள். "ப்ளூவா? வேற கலர் இல்லையா சிஸ்டர்?"

அடுத்தவள், கணவரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். கணவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர், அம்மாவைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். மூன்றாவது பெண், தன் ஓரகத்தி போட்டுக்கொண்டதால் தான் போட்டுக்கொள்வதாக இல்லை என்றாள். நான்காவது பெண்ணுக்கு ஊசியில் ஆட்சேபமே இல்லை. கேட்டதும் கையை நீட்டினாள். ஊசி இங்கே இல்லை, மேல்மாடிக்குப் போக வேண்டும் என்றதும் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

சிஸ்டர் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிக்கொண்டார்.

ஐந்தாவது நாற்காலியில் இருந்தவள் பஸ் கண்டக்டர். ஏழு மாதம். வயிறு தெரிய ஆரம்பித்ததும் டெப்போவில் அவளை மேசை வேலைக்கு மாற்றிவிட்டார்கள். எட்டு வருடம் ஓடும் வண்டியில் நின்றே பழகியவளுக்கு உட்கார்ந்திருப்பது பெரிய தண்டனையாக இருந்தது. நாற்காலியில்கூட ஒரு கையால் முன் நாற்காலியின் கம்பியைப் பிடித்தபடிதான் உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் போட்டுக்கலன்னா கேக்குறீங்க?" என்றாள். அவள் சாதாரணமாகப் பேசியதே கூடம் முழுக்கக் கேட்டது. "நான் எங்க சிஸ்டர் மாட்டேன்னேன்? இந்த ஊர்ல என் கழுத்துல இருமாத ஆளே கிடையாது. மூணு தடவ படியேறிப் போய்க் கேட்டேன். மூணு தடவையும் அப்புறம் வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டார்."

"யாரு?"

"மேல ஒருத்தர் இருக்காரே. இடுப்புல சாவியா தொங்கும்."

சிஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு வருடமாக அவர்தான் சீட்டு எழுதி மேலே அனுப்புகிறார். போனவர்கள் ஊசி போடாமல் திரும்பினால், பயந்துபோய் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். நோட்டை மூடி இடுக்கிக்கொண்டார். "வாங்க, நானும் வர்றேன்," என்றார். கண்டக்டருக்குக் கேட்கவில்லை, ஆனால் அவர் நடையைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

மேல்மாடிக்கு முப்பத்து நான்கு படி. மின்தூக்கி மருந்துப் பெட்டிகளுக்கு மட்டும் என்று எழுதிப் பூட்டியிருந்தது. மருந்துக் கிடங்கின் பொறுப்பாளரை மருத்துவமனையில் எல்லோரும் சாவியார் என்றுதான் சொல்வார்கள். அவரும் அதைப் பட்டம்போல ஏற்றுக்கொண்டிருந்தார். நாற்பத்தெட்டு சாவிகள்; எது எந்தப் பூட்டுக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அவர் தலைக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்தில் ஒரு பாராட்டுப் பத்திரம் தொங்கியது: தடுப்பூசி மருந்து வீணாக்கம், இரண்டு ஆண்டுகளாகப் பூச்சியம்.

"இவங்கள மூணு தடவ திருப்பி அனுப்பினீங்களாமே சார்?"

"ஆமா சிஸ்டர்," என்றார் சாவியார் பெருமையாக. "ஒரு குப்பியில பத்துப் பேருக்கு மருந்து இருக்கு. திறந்தா அன்னைக்கே முடிச்சாகணும். மிச்சம் இருந்தா கொட்டணும். அதனால பத்துப் பேர் சேந்தாத்தான் திறப்பேன். பத்து சேந்தா உங்களுக்குப் போன் பண்ணுவேன், நீங்க வந்து போடுவீங்க. இந்த மூணு மாசத்துல ரெண்டு தடவ சேந்துச்சு."

சிஸ்டருக்கு நினைவு வந்தது. இரண்டு முறை கூப்பிட்டார், இரண்டு முறையும் மேலே வந்து போட்டார். இரண்டு முறையும் சரியாகப் பத்துப் பேர் இருந்ததை அவர் தற்செயல் என்று நினைத்திருந்தார்.

"சேரலன்னா?"

"உக்காந்திருப்பாங்க. ஒவ்வொருத்தரா எழுந்து போயிடுவாங்க. நான் என்ன செய்ய முடியும்? ஆனா பாருங்க, ரெண்டு வருஷத்துல ஒரு சொட்டு வீணாகல."

"யாருக்கும் போடலயே சார்," என்றாள் கண்டக்டர்.

சாவியார் அதையும் நியாயமாக யோசித்துப் பார்த்தார். "அதுவும் சரிதான். ஆனா வீணாகல."

கண்டக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று ஐந்து. கிடங்கு பன்னிரண்டுக்குப் பூட்டும். "வண்டி நிறைஞ்சாத்தான் எடுப்பீங்க, அவ்வளவுதானே," என்றாள். "அது எனக்குப் பழக்கம்தான்."

கீழே இறங்கி, எடை பார்க்கும் மிஷின் பக்கத்தில் நின்றாள். மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்த குரல் ஒரேயடியாக வெளியே வந்தது.

"மேல்மாடி ஃப்ளூ ஊசி, பத்துப் பேருக்கு. நான் ஒண்ணு, ஒன்பது இடம் காலி. பன்னெண்டு மணிக்குப் பூட்டிருவாங்க."

போஸ்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்த கூடம் இதற்குத் திரும்பியது. இடம் காலி என்று யாராவது கத்தினால் எதற்கு என்று தெரியாமலே எழுந்துவிடுகிற ஆட்கள் எங்கும் உண்டு. இரண்டு பெண்கள் அப்படி எழுந்தார்கள். நான்காவது நாற்காலிப் பெண்ணும், துணைக்கு ஆள் இருந்தால் படி ஏறலாம் என்று வந்து சேர்ந்தாள். மற்றவர்கள் கேள்வி கேட்டார்கள்.

"அந்த ஊசி போட்டா ஃப்ளூவே வந்துருமாமே?"

கண்டக்டர் சிஸ்டரின் வாயருகே காதைக் கொண்டு போனாள். சிஸ்டர் சொன்னதைக் கூடத்துக்கு அறிவித்தாள். "வராது. அதுல உயிருள்ள கிருமி இல்ல. கை வலிக்கும், ஒருநாள் உடம்பு கொஞ்சம் அலுப்பா இருக்கும், அவ்வளவுதான்."

"எனக்கு மூணு மாசந்தான் ஆகுது. போடலாமா?"

மறுபடியும் குனிந்து கேட்டாள். "எந்த மாசத்துலயும் போடலாமாம்."

"வயித்துல இருக்கிற பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதே?"

"ஆகாது. இத்தனை வருஷமா எத்தனையோ பேருக்குப் போட்டுப் பாத்தாச்சு. நமக்குப் போட்டா பிள்ளைக்கும் சேத்துப் பாதுகாப்புன்னு சொல்றாங்க."

சிஸ்டர் அவள் தோளைத் தொட்டு இன்னொன்றும் சொன்னார். கண்டக்டர் அதே மூச்சில் அறிவித்தாள். "கொஞ்சம் மெதுவாப் பேசச் சொல்றாங்க."

கூடம் சிரித்தது. சிஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் இருபது வருடத்துக்கு மேல் இந்தக் கூடத்தில் பேசியும், தான் சொன்னது கடைசி நாற்காலிவரை போய்ச் சேர்ந்தது இதுதான் முதல் முறை என்று அவருக்குத் தோன்றியது. அடுத்த கேள்விக்கு அவரே வலிய வந்து கண்டக்டரின் காதருகே நின்றார்.

ஏழு பேர் சேர்ந்தபோது ஓர் ஒல்லிப் பெண்ணின் பக்கத்திலிருந்து எதிர்ப்புக் கிளம்பியது. அந்தப் பெண் பேசவில்லை. அவள் மாமியார்தான் பேசினார்.

"எங்க காலத்துல இதெல்லாம் ஏது? நாங்க பெத்துக்கலையா, வளக்கலையா?"

"எத்தனை பிள்ளைங்கம்மா உங்களுக்கு?" என்று கேட்டாள் கண்டக்டர்.

"அஞ்சு. அஞ்சும் நல்லாத்தான் இருக்குதுங்க."

"சளி, காய்ச்சல்னு ஒண்ணுக்கும் வந்ததில்லையா?"

மாமியார் மடியில் இருந்த பையின் வாரை விரலில் சுற்றினார். "மூணாவதுக்கு வந்துச்சு. ரெண்டு மாசக் குழந்தை. பதினோரு நாள் மடியிலயே போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். கீழ போட்டா மூச்சு விடாது."

சிஸ்டர் அந்த அம்மாவின் முன்னால் போய்க் குனிந்து, தானே பேசினார். பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் வரை இந்த ஊசி போட முடியாது என்றும், அதுவரைக்கும் தாய் போட்டுக்கொண்டதுதான் குழந்தையைக் காக்கும் என்றும் சொன்னார். அந்தக் குரலுக்கு மாமியார் முன்னால் சாய்ந்து காது கொடுக்க வேண்டியிருந்தது. சாய்ந்தவர் அப்படியே முழுதும் கேட்டார்.

பிறகு மருமகள் பக்கம் திரும்பினார். "எந்திரிம்மா."

"நான் அப்பவே எந்திரிச்சுட்டேன் அத்தை," என்றாள் மருமகள். உண்மைதான். கண்டக்டர் இடம் காலி என்று சொன்னபோதே எழுந்தவள், மாமியார் பார்க்கவில்லை என்பதால் நின்றபடியே இருந்தாள்.

இன்னும் ஒருத்தியும், அவள் பின்னால் ஒருத்தியும் வந்து நிற்க, கண்டக்டர் தலைகளை எண்ணினாள். பத்து. "நேரா போங்க, நேரா போங்க, வழியில நிக்காதீங்க," என்று படிக்கட்டுக்கு அனுப்பினாள்.

முப்பத்து நான்கு படியைப் பத்துக் கர்ப்பிணிகள் ஏறுவது சாதாரணக் காரியம் இல்லை. ஒவ்வொருவரும் ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டு, இரண்டு படிக்கு ஒரு பெருமூச்சு விட்டு ஏறினார்கள். நடு வளைவில் எல்லோரும் நின்றார்கள். கீழே இறங்க வந்த ஓர் இளம் டாக்டர், இறங்க இடமில்லாமல் மறுபடி மேலே போய்விட்டார். மேலே போய்ச் சேர்ந்தபோது பதினொன்று ஐம்பது.

சாவியார் கதவருகே நின்று ஒவ்வொருவராக எண்ணினார். அவர் முகத்தில் மரியாதை கலந்த திகைப்பு இருந்தது. பெயர் எழுதும்போது பத்தாவது பெண் எட்டிப் பார்த்து, "உள்ள ஆள் இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"எங்க உள்ள?"

"பாத்ரூம்ல. இது பாத்ரூம் வரிசைதானே? கீழ பூட்டியிருந்துச்சு, எல்லாரும் மேல போனீங்க, நானும் வந்தேன்."

அவளுக்கு நிலைமையை எடுத்துச் சொன்னார்கள். ஊசிக்குத் தான் தயார்தான் என்றும், ஆனால் வேறு ஒன்றுக்கு அதைவிட அவசரம் என்றும் சொல்லிவிட்டு அவள் நடைபாதைக் கோடியை நோக்கி வேகமாகப் போனாள். அந்த விஷயத்தில் அவளை யாரும் தடுக்கவில்லை. அங்கே இருந்த எல்லோருக்கும் அது புரிந்த விஷயம்.

"ஒன்பது," என்றார் சாவியார். குரலில் வருத்தம் இருந்தது, ஆனால் சாவிக்கொத்து அசையவில்லை.

"அவ வந்துருவா சார்."

"வரட்டும். வந்தா திறக்கிறேன். மணி பதினொன்னு அம்பத்தி மூணு."

கண்டக்டர் சுவரில் ஒட்டியிருந்த விதியைப் படித்தாள். பஸ்ஸில் எட்டு வருடமாக, விதி எழுதியிருக்கும் பலகையைக் காட்டியே சண்டைகளை ஜெயித்தவள் அவள். இரண்டாவது வரியில் விரலை வைத்தாள். "கர்ப்பிணிகளுக்கும், மருத்துவமனைப் பணியாளர்களுக்கும்னு போட்டிருக்கு. சிஸ்டர், நீங்க போட்டுக்கிட்டீங்களா?"

"போன மாசமே, வெளிய," என்று சிஸ்டரின் உதடுகள் சொல்லின.

ஒன்பது கர்ப்பிணிகளும் ஒரே நேரத்தில் சாவியாரைப் பார்த்தார்கள்.

"நானா?" என்றார் சாவியார். இரண்டடி பின்னால் போனார். "எனக்கு எதுக்கு? நான் யாரு மூச்சும் படாம தனியா உக்காந்திருக்கேன்."

"இப்ப ஒன்பது பேரு மூச்சுப் படுதே சார்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நெற்றியில் வியர்வை. கடைசியில், தரையைப் பார்த்தபடி விஷயத்தைச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் ஆறாவது படிக்கும்போது போட்ட ஊசிதான் கடைசி. அன்றைக்கு மயங்கி விழுந்து, விழுந்த இடத்தில் மேசைமுனை பட்டுப் பல் உடைந்தது. அதற்குப் பிறகு ஊசியைப் பார்த்தாலே அவருக்குக் கால் தந்தியடிக்கும். கிடங்கில் இருக்கும் சிரிஞ்சுகளைக்கூடப் பெட்டி பிரிக்காமல்தான் எண்ணுவார்.

யாரும் சிரிக்கவில்லை. ஒல்லி மருமகள் அவர் பக்கத்தில் வந்து நின்று, "எனக்கும் பயம்தான் அண்ணே," என்றாள். ஒருத்தி தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். இன்னொருத்தி கோப்பு அட்டையை எடுத்து விசிறினாள்.

"சரி, நான் கடைசியாப் போட்டுக்கிறேன்," என்றார் சாவியார்.

"மொதல்ல," என்றாள் கண்டக்டர். "ஸ்டாப்பிங் வந்ததும் டிக்கெட் எடுக்காம குதிச்சு ஓடுற ஆளுங்கள நான் நிறையப் பாத்திருக்கேன்."

சாவியார் சாவிக்கொத்தை அவிழ்த்து, பார்க்காமலே சரியான சாவியைப் பிடித்து நீட்டினார். சிஸ்டர் குளிர்பெட்டியைத் திறந்து குப்பியை எடுத்தார். சாவியார் கண்ணை இறுக மூடி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார். சிஸ்டர் ஏதோ பேசிக்கொண்டே அவர் மேற்கையைத் துடைத்தார். என்ன பேசினார் என்பது யாருக்கும் கேட்கவில்லை, சாவியாருக்கு மட்டும் கேட்டது.

"போடும்போது சொல்லுங்க சிஸ்டர். நான் மூச்சப் பிடிச்சிக்கிறேன்."

"போட்டு முடிச்சு, பஞ்சும் வச்சாச்சு சார்."

அவர் கண்ணைத் திறந்து கையைப் பார்த்தார். பிறகு ஒன்பது பேரையும் பார்த்தார். "இதுக்காகவா நாப்பத்தி மூணு வருஷம்," என்றார் மெல்ல.

ஒன்பது பேரும் வரிசையாகப் போட்டுக்கொண்டு, கால் மணி நேரம் உட்கார்ந்து போகும்படி சொல்லப்பட்டு, கிடங்கின் அட்டைப் பெட்டிகள்மேல் உட்கார்ந்தார்கள். அப்போதுதான் பாத்ரூம் போனவள் நிம்மதியான முகத்தோடு திரும்பி வந்து, சட்டைக் கையை மடித்தபடி நின்றாள்.

குப்பி காலி. சிஸ்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். இன்னொரு குப்பியைத் திறக்க வேண்டுமென்றால் விதிப்படி இன்னும் ஒன்பது பேர் வேண்டும். மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது.

"அப்போ நான் அடுத்த வாரம் வரணுமா?" என்றாள் அவள். "எனக்கு நாள் நெருங்கிடுச்சு சார்."

சாவியார் எழுந்தார். பாராட்டுப் பத்திரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். அதைத் துடைப்பதற்காக அவர் தனியாக ஒரு துணி வைத்திருந்தது சிஸ்டருக்குத் தெரியும். குளிர்பெட்டியிலிருந்து இரண்டாவது குப்பியை அவரே எடுத்து சிஸ்டரிடம் கொடுத்தார்.

"ஒன்பது வீணாகுமே சார்."

"ஆனா ஆகட்டும்," என்றார். பிறகு ஒரு நிமிடம் நின்று யோசித்து, பனிக்கட்டி வைத்த சின்னப் பெட்டி ஒன்றைத் தேடி எடுத்தார். "கீழ எத்தனை பேர் இருக்காங்க?"

கடைசிப் பெண்ணுக்கும் போட்டு, எல்லோரும் எழுந்ததும் கிடங்கைப் பூட்டிவிட்டு, பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் படி இறங்கியதைப் பார்த்தவர்கள் பல நாள் அதைப் பேசினார்கள். கூடத்தில் எடை மிஷின் பக்கத்தில் நின்று, "ஃப்ளூ ஊசி," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். யாரும் திரும்பவில்லை. பின்னாலேயே வந்த கண்டக்டர், இன்னும் வயிற்றிலிருந்து பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். இரண்டாவது தடவை எல்லோரும் திரும்பினார்கள். படி ஏற முடியாதவர்களும், ப்ளூ கலர் என்று நினைத்தவளும், கணவரின் அம்மாவைப் போனில் பிடித்துச் சம்மதம் வாங்கிய பெண்ணுமாக இன்னும் ஆறு பேர் கை நீட்டினார்கள். "உதாரணத்துக்குச் சொல்றேன், எனக்கே இன்னைக்குப் போட்டாங்க," என்று ஒவ்வொருவரிடமும் அவர் தன் கையைக் காட்டினார்.

மாலையில் பதிவேட்டில் வீணாக்கம் என்ற கட்டத்தில் மூன்று என்று எழுதினார். எழுதிய பிறகு சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் அந்த மூன்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பத்து நாளில் தலைமை அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துவிட்டது. பெரிய டாக்டர் இருவரையும் கூப்பிட்டார். சாவியார் சிஸ்டரின் பின்னால் போய் நின்றுகொண்டதால் சிஸ்டர்தான் எல்லாவற்றையும் சொன்னார். பெரிய டாக்டர் முதலில் "என்ன, என்ன" என்று கேட்டார். பிறகு எழுந்து மேசையைச் சுற்றி வந்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார்.

"ரெண்டு வருஷமா இத ஏன் என்கிட்ட சொல்லல?"

"எனக்கே அன்னைக்குத்தான் தெரியும் டாக்டர். அவங்க ஏன் போட்டுக்கலன்னுதான் நாம கேட்டுக்கிட்டிருந்தோம்."

பெரிய டாக்டர் விளக்கக் கடிதத்தைத் தன் கைப்படவே எழுதினார். ஒருவர் வந்தாலும் குப்பியைத் திறக்கலாம் என்று உத்தரவு போட்டார். பரிசோதனை நாளெல்லாம் மருந்துப் பெட்டியும் சிஸ்டரும் எடை மிஷின் பக்கத்திலேயே இருந்தார்கள். கண்டக்டருக்குக் கடுங்குளிரில் பெண் குழந்தை பிறந்தது. வீட்டில் கணவரும் கொழுந்தனாரும் மாறி மாறி இருமியதால், அவர்களைப் பக்கத்து அறைக்குத் துரத்திவிட்டதாகவும், தானும் குழந்தையும் நன்றாகத் தூங்குவதாகவும் போன் செய்தாள்.

அடுத்த மூன்று மாதக் கணக்கில் முந்நூற்றுத் தொண்ணூறு பேரில் இருநூற்று எழுபத்தொரு பேர் ஊசி போட்டிருந்தார்கள். குழு கூடி, போஸ்டருக்கு நன்றி தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றியது.

பெரிய டாக்டருக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை வெள்ளைக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, கூடத்தில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் வந்து உட்கார்ந்தாள். ஐந்து மாதம் இருக்கும். மேற்கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. பெரிய டாக்டரின் நரைத்த தலையையும் அவர் முகத்தில் இருந்த யோசனையையும் அவள் இரண்டு மூன்று முறை பார்த்தாள்.

"மருமகளுக்குத் துணையா வந்தீங்களாம்மா? போட்டுக்கச் சொல்லுங்க," என்றாள். "எனக்கு இப்பத்தான் போட்டாங்க. வலியே தெரியல."

பெரிய டாக்டர், தான் யார் என்று சொல்லவில்லை. "அப்படியா? பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று கேட்டார்.

"ஆகாதும்மா," என்று அவள் நாற்காலியை இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். பெரிய டாக்டர் அவள் பக்கம் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.